ஒயின் பெட்டியில் துளசி காயலாமா?

மண்ணைப் பற்றி நாம் நிறையப் பேசிவிட்டோம். பஞ்சகவ்யம், அமுதக்கரைசல், பலதானிய விதைப்பு, மூடாக்கு என்று எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் காது நிறையக் கேட்கிறோம். பேச வேண்டியதுதான், தப்பில்லை. ஆனால் அறுத்த மறுநாள் காலையிலிருந்து வியாபாரி வண்டி வந்து நிற்கிற வரைக்கும் நடக்கிற வேலையைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. காய வைக்கிற வேலையைத்தான் சொல்கிறேன். மூலிகை, கீரை, விதை என்று எதைப் போட்டாலும் சிறு உழவன் விலையை இழக்கிற இடம் வயல் இல்லை, களம்.

அந்த வேலையை நாம் மறுபடி கையில் எடுக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. அதற்கு ஒரு சின்ன வழியாக, ஓட்டல்களில் ஒயின் பாட்டில் அடுக்கி வைக்கிற குட்டிக் குளிர்பெட்டியைச் சொல்கிறேன். காயலான் கடையில் கிடக்கிற அந்தப் பெட்டியில் துளசி காய வைக்கலாம். இதைச் சொன்னதும் நம்ம ஆளுங்களே சிலர் முறைக்கிறாங்க. முறைக்கிறவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்தக் கட்டுரை.

களத்தில் போகிற காசு

எங்க ஊர் சேதராப்பட்டு. புதுச்சேரிப் பக்கம் இந்தப் பேரைச் சொன்னால் எல்லோருக்கும் தொழிற்பேட்டைதான் ஞாபகம் வரும். 2000-களின் நடுவில் சிறப்புப் பொருளாதார மண்டலம் வருகிறது என்று சொல்லி, சேதராப்பட்டு, கரசூர் பக்கத்து நிலங்களை எடுத்தார்கள். மண்டலம் வரவில்லை, நிலம் வருஷக்கணக்கில் சும்மா கிடந்தது. மிச்சம் இருக்கிற எங்களிடம் இருப்பது அரைக்காணி, முக்கால் காணி. அதில் மணிலாவும் காய்கறியும் போக, வரப்போரமும் வீட்டுக் கொல்லையிலும் துளசி, கரிசலாங்கண்ணி, தூதுவளை, நிலவேம்பு, முருங்கை.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். எங்களுக்கு ஒரு நாளில் கிடைப்பது இரண்டு கிலோ துளசி, ஒரு கிலோ கரிசாலை. டன் கணக்கில் இல்லை. பச்சைத் துளசியில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர். ஒரு கிலோ பறித்தால் காய்ந்து கையில் நிற்பது இருநூறு கிராம் சொச்சம். அந்த இருநூறு கிராமும் பச்சையாக, மணமாக இருந்தால்தான் அதற்குப் பேர் மூலிகை. பழுப்பாகப் போனால் அது சருகு.

வெயிலில் போட்டால் ஒரே நாளில் காயும். நிறமும் மணமும் அதோடு போகும். அதனால்தான் சித்த மருத்துவத்தில் இலை மூலிகைகளை நிழலில் உலர்த்தச் சொல்கிறார்கள். நம்ம பாட்டிகளும் அதையேதான் செய்தார்கள். பங்குனி, சித்திரையில் நிழலில் விரித்தால் நாலு நாளில் மொறமொறவென்று காய்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் என்ன செய்வது? இந்தக் கடற்கரைக்கு மழையே வடகிழக்குப் பருவத்தில்தான். இலை தழைத்து நிற்பதும் அதே மாசத்தில்தான். காற்றே ஈரமாக இருக்கும்போது நிழலில் விரித்த இலை எங்கே காயும்? மூணாவது நாள் வெள்ளையாகப் பூசணம் பூக்கும், ஐந்தாவது நாள் நாற்றம் வரும்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்ததே, ஞாபகம் இருக்கா? ஏறக்குறைய அரை மீட்டர் மழை ஒரே நாளில் கொட்டித் தீர்த்தது. அதற்கப்புறம் எத்தனை நாள் எதையும் காய வைக்க முடியாமல் கிடந்தோம் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். வியாபாரிக்கும் அது தெரியும். "ஈரம் இருக்குதுண்ணே, எடை கழிச்சுக்கறேன்" என்பது அவர் மழைக்கால வசனம். அவர் சொல்வது பொய் இல்லை. ஈரம் இருக்கத்தான் செய்கிறது. அவரிடம் உலர்த்துகிற அறை இருக்கிறது, நம்மிடம் திண்ணைதான் இருக்கிறது. அந்த வித்தியாசத்துக்குத்தான் அவர் காசு பார்க்கிறார்.

காசோடு இது முடிவதில்லை. சரியாகக் காயாத பொருளில் பிடிக்கிற பூஞ்சையில் சில விஷம். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் திடீரென்று செத்து விழுந்தன. காரணத்தைத் தேடிப் போனால், தீவனத்தில் கலந்த நிலக்கடலைப் பிண்ணாக்கு. அதில் பிடித்த பூஞ்சை. அஃப்ளடாக்சின் என்கிற நஞ்சு உலகத்துக்குத் தெரிய வந்தது அப்படித்தான். மணிலா போடுகிற நமக்கு இது தூரத்துக் கதை இல்லை. "ரசாயனம் தெளிக்காதது" என்று எழுதி விற்கிற பொட்டலத்துக்குள் பூஞ்சை இருந்தால், நாம் பேசுகிற நஞ்சில்லா உணவுக்கு என்ன அர்த்தம்?

இந்த வித்தை எங்கிருந்து வந்தது?

மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒயின் பெட்டியை உலர்த்தும் பெட்டியாக மாற்றுகிற வித்தையைத் தேய்த்துத் தேய்த்துச் செம்மையாக்கியவர்கள், வெளிநாடுகளில் வீட்டில் கஞ்சாச் செடி வளர்க்கிறவர்கள். உருகுவே 2013-ல் சட்டம் போட்டு வீட்டுக்கு ஆறு செடி வரை அனுமதித்தது. கனடா 2018-ல் வீட்டுக்கு நாலு செடி. ஜெர்மனி 2024 ஏப்ரலில் ஒரு ஆளுக்கு மூணு செடி. மூணு செடிக்காரனுக்குப் பெரிய உலர்த்தி எதற்கு? அலமாரி அளவில் ஒன்று போதும். அவனுக்கு ஒவ்வொரு கிராமும் பெரிசு. மணம் போகக் கூடாது, பூசணம் பிடிக்கக் கூடாது. பதினைந்திலிருந்து இருபது டிகிரி குளிர், அறுபது சதவீதம் பக்கம் காற்றில் ஈரம், மெதுவாகக் காயணும் என்று கண்டுபிடித்து, அந்த நிலை எந்தச் சாமானில் சல்லிசாகக் கிடைக்கும் என்று தேடினான். ஒயின் பெட்டி மாட்டியது.

நம்ம நாட்டில் கதை வேறு. 1985-ல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி கஞ்சாச் செடி வளர்ப்பது குற்றம். பத்து வருஷம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். கொல்லையில் ஒரே ஒரு செடி என்றாலும் சட்டம் சட்டம்தான். கோரக்கர் மூலி என்று சித்த மருத்துவம் பேர் வைத்த செடிதான், அதனால் போலீஸ் விட்டுவிடும் என்று யாரும் நினைக்க வேண்டாம். நான் சொல்லும் பெட்டி துளசிக்கும் தூதுவளைக்கும் விதைக்கும் மட்டும்.

சட்டம் மாறணுமா வேண்டாமா என்பது தனி விவாதம். ஒன்றை மட்டும் கவனியுங்கள். அதே சட்டத்தில் நாருக்கும் விதைக்கும் பயிரிட அரசு அனுமதி கொடுக்க வழி இருக்கிறது. போதை குறைந்த ரகத்தைத் தொழிலுக்காகப் பயிரிட உத்தரகாண்ட் 2018-ல் முதல் உரிமம் கொடுத்தது. 2021-ல் அதன் விதையை உணவுப் பொருளாக நாட்டின் உணவுப் பாதுகாப்பு ஆணையமே ஏற்றுக்கொண்டது. நாளைக்கு இங்கேயும் கதவு திறந்தால் உள்ளே போவது யார்? காய வைக்கவும், பதப்படுத்தவும், ஈரத்தை அளந்து சொல்லவும் தெரிந்தவன்தான். செங்காந்தள் விதையில் மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கத்து உழவர்கள் படுகிற பாட்டைப் பார்க்கிறோமே. மருந்துக் கம்பெனிக்கு வேண்டிய பொருளை விளைவித்தும், விலையைச் சொல்வது வாங்குகிறவன். எந்தச் செடியாக இருந்தாலும் கதை ஒன்றுதான். களத்து வேலை கையில் இல்லாதவன் பச்சையாக விற்றுவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

மூணு செடிக்காரனுக்கு ஏற்ற கருவி அரைக்காணிக்காரனுக்கும் ஏற்றது. வித்தை எந்த வாசல் வழியாக வந்தது என்று பார்த்துத் தள்ளினால் நஷ்டம் நமக்குத்தான்.

பெட்டி எப்படி வேலை செய்கிறது?

சின்ன ஒயின் பெட்டிகளில் பலவற்றில் சாதாரண பிரிட்ஜில் இருக்கிற கம்ப்ரசர் இருக்காது. பெல்டியர் என்கிற தகடு இருக்கும். மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிரும், மறு பக்கம் சுடும். 1834-ல் இதைக் கண்டவர் ழான் பெல்டியர் என்ற பிரெஞ்சுக்காரர். கடிகாரம் செய்கிற தொழிலில் இருந்தவர். பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊரில் அவன் ஆள் கண்டுபிடித்த தகடு காயலான் கடையில் கிடக்கிறது, நாம் பயன்படுத்தினால் என்ன?

சூட்சுமம் இதுதான். காற்று சூடாக இருந்தால் நிறையத் தண்ணீரைத் தாங்கும், குளிர்ந்தால் தாங்காது. முப்பது டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று 30 கிராம் தண்ணீர் வரை தாங்கும். பதினாறு டிகிரியில் பதிமூணரை கிராம். எட்டு டிகிரியில் எட்டு கிராம்தான். பெட்டிக்குள் இருக்கிற குளிர்த்தகடு எட்டு டிகிரியில் இருக்கிறது என்று வையுங்கள். அதில் பட்ட காற்று எட்டு கிராமை வைத்துக்கொண்டு மிச்சத்தைத் தகட்டிலேயே துளித்துளியாக விட்டுவிடும். அந்தக் காற்று பெட்டிக்குள் சுற்றி வந்து பதினாறு டிகிரி ஆகும்போது, பதிமூணரை தாங்கக் கூடியதில் எட்டு மட்டும் இருக்கும். கணக்குப் போட்டால் அறுபது சதவீதம். நமக்கு வேண்டிய எண் அதுதான். அறுபத்தைந்துக்குக் கீழே பெரும்பாலான பூஞ்சை வளராது. அதே நேரத்தில் இலையை வாட்டி எடுக்கிற வறட்சியும் இல்லை, துளசியின் எண்ணெயை ஓட்டிவிடுகிற சூடும் இல்லை.

சாதாரண பிரிட்ஜில் போட்டால் ஆகாதா என்று கேட்பார்கள். அது நாலைந்து டிகிரியில் நிற்கும். அந்தக் குளிரில் இலையிலிருந்து தண்ணீர் லேசில் கிளம்பாது. ஒயின் பெட்டி பன்னிரண்டிலிருந்து பதினெட்டு டிகிரியில் நிற்பதற்கென்றே செய்தது.

இந்தப் பெல்டியர் பெட்டி, வெளியில் இருக்கிற சூட்டைவிடப் பதினைந்து, இருபது டிகிரிதான் இறங்கும். அக்னி நட்சத்திரத்தில் திணறும். ஆனால் அக்னி நட்சத்திரத்தில் நமக்கு இது எதற்கு? திண்ணையே போதுமே. ஐப்பசியிலிருந்து தை வரை வீட்டுக்குள் இருபத்தாறு, இருபத்தெட்டு டிகிரி இருக்கும்போது அழகாக வேலை செய்யும். அதாவது, எந்த மாசத்தில் தேவையோ அந்த மாசத்தில்தான் அது நன்றாக ஓடுகிறது.

செய்முறை

புதுசு வாங்கவே கூடாது. வாங்கினால் இந்தக் கட்டுரைக்கே அர்த்தம் இல்லை. புதுச்சேரியில் ஒயின் ஷாப்புக்கும் தங்கும் விடுதிக்கும் பஞ்சமா? பழைய பெட்டிகள் காயலான் கடைக்கும் பிரிட்ஜ் ரிப்பேர் கடைக்கும் வந்துகொண்டேதான் இருக்கின்றன. கதவு ரப்பர் நன்றாக இருக்கணும், தகடு குளிரணும். இரண்டும் சரியாக இருந்தால் போதும்.

முதலில் பாட்டில் வைக்கும் கம்பித் தட்டுகளை எடுத்துவிட்டு, மரச்சட்டத்தில் கொசுவலை அடித்த தட்டுகளைச் செருகுங்கள். தட்டுக்குத் தட்டு நாலு விரல் இடைவெளி. பழைய கம்ப்யூட்டரில் இருக்கிற பன்னிரண்டு வோல்ட் குட்டி ஃபேன் ஒன்றைக் கீழே வையுங்கள். காற்று இலையில் நேராக அடிக்கக் கூடாது, பெட்டிச் சுவரில் பட்டுச் சுற்றி வரணும். குளிர்த்தகட்டுக்குக் கீழே ஒரு தாழ்வாரம் வைத்து, சொட்டும் தண்ணீரைக் குழாய் வழியாக வெளியில் ஒரு பாட்டிலில் இறக்குங்கள். தண்ணீர் உள்ளேயே நின்றால் செய்த வேலை எல்லாம் வீண்.

பெல்டியர் பெட்டியில் பின்பக்கம் குழாய்க்கு ஓட்டை போடலாம், மின்கம்பியில் படாமல் பார்த்துக்கொண்டால் சரி. கம்ப்ரசர் பெட்டி கிடைத்தால் அதில் துளைபோடும் மிஷினைத் தொடாதீர்கள். சுவருக்குள் வாயுக் குழாய் ஓடும். இப்போது வருகிற பலவற்றில் இருப்பது ஐசோபியூட்டேன், தீப்பிடிக்கிற வாயு. அதில் கதவு ரப்பர் ஓரமாகவே குழாயை எடுத்துவிடலாம்.

ஈரமானி ஒன்று கட்டாயம் வேண்டும். சின்ன டிஜிட்டல் மானி போதும். ஆனால் அது சொல்வது உண்மையா என்று பார்த்துவிடுங்கள். ஒரு மூடியில் சாப்பாட்டு உப்பைப் போட்டு, நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுக் களி மாதிரி ஆக்குங்கள். அதையும் மானியையும் ஒரு டப்பாவில் போட்டு இறுக மூடி, ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் மானி 75 காட்டணும். ஈர உப்பின் குணம் அது. 80 காட்டினால் உங்கள் மானி ஐந்து கூட்டிச் சொல்கிறது என்று அர்த்தம். அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

பறிப்பது பனி உலர்ந்த பிறகு. பறித்ததை அப்படியே பெட்டியில் திணிக்காதீர்கள். இந்தத் தகடு ஒரு நாளைக்குக் கால் லிட்டர் தண்ணீர் வடித்தாலே பெரிசு. ஒரு கிலோ பச்சைத் துளசியில் முக்கால் லிட்டருக்கு மேல் தண்ணீர் இருக்கிறது. அதனால் ஒரு நாள் முழுக்க வீட்டுக்குள் ஃபேனுக்குக் கீழே பரப்பி வாட விட்டு, பாதி எடை இறங்கிய பிறகு தட்டில் ஒரே அடுக்காகப் பரப்புங்கள். நாலைந்து நாள். முதல் இரண்டு நாள் மானி எழுபதைத் தாண்டினால் இலை அதிகம் என்று அர்த்தம், கொஞ்சத்தை எடுத்துவிடுங்கள். காம்பை மடக்கினால் வளையாமல் 'டக்'கென்று ஒடியணும். அதுதான் பதம்.

அதோடு வேலை முடியவில்லை. கண்ணாடி பாட்டிலில் முக்கால் அளவுக்குப் போட்டு மூடி, முதல் வாரம் தினமும் பத்து நிமிஷம் திறந்து வையுங்கள். இலை காய்ந்திருந்தாலும் காம்புக்குள் கொஞ்சம் ஈரம் ஒளிந்திருக்கும். மூடி வைத்தால் அது இலைக்குப் பரவும், திறந்தால் வெளியேறும். இது நமக்குப் புதுசா? விதைநெல்லைக் காய வைத்துக் குவித்து மூடி, மறுநாள் விரித்து மறுபடி காய வைத்து, பல்லில் கடித்துச் சத்தம் பார்த்தவர்கள்தானே நாம். புளியை உப்புப் போட்டுப் பானையில் அடைத்து மாசக்கணக்கில் பதம் பார்த்தவர்கள்தானே. பாட்டிலுக்குள் மானியை வைத்தால் அறுபது பக்கம் நிற்கணும். அறுபத்தைந்தைத் தாண்டினால் திரும்பப் பெட்டிக்கு.

முருங்கை இலைக்கு ஒரு எச்சரிக்கை. பொடி செய்து பாக்கெட் போட இந்த ஈரப்பதம் போதாது, இன்னும் முறுகணும். பெட்டியில் நிறம் கெடாமல் காய வைத்துவிட்டு, அரைக்கிற அன்றைக்கு லேசான சூட்டில் கொஞ்ச நேரம் காட்டி எடுங்கள்.

விதைக்கும் இது உதவும். ஹாரிங்டன் என்கிற விதை அறிஞர் சொன்ன கணக்கு ஒன்று உண்டு: விதையின் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் ஆயுள் இரட்டிப்பாகும், வைக்கிற இடத்தின் சூடு ஐந்தாறு டிகிரி குறைந்தாலும் இரட்டிப்பாகும். நெல் ஜெயராமன் போன்றவர்கள் ஊர் ஊராகப் போய் மீட்டுக் கொடுத்த ரகங்களை அடுத்த பருவம் வரை முளைப்புக் கெடாமல் வைப்பது நம் பொறுப்பு இல்லையா? நன்றாக வறுத்து ஆற வைத்த அரிசியைத் துணியில் முடிந்து விதை பாட்டிலில் போட்டு இறுக மூடி, பாட்டிலைப் பெட்டிக்குள் வையுங்கள். வறுத்த அரிசி ஈரத்தை இழுக்கும், பெட்டி சூட்டைக் குறைக்கும். வசம்பும் நொச்சியும் பூச்சிக்கு. ஒன்று இருந்தால் இன்னொன்று வேண்டாம் என்பதில்லை.

முறைக்கிறவர்களுக்கு

"கரண்ட்டில் ஓடுகிற பெட்டியில் காய வைத்தால் அது இயற்கை விவசாயமா?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. எழுபது வாட் பெட்டி ராப்பகலாக ஓடினால் ஒரு நாளைக்கு ஒன்றேமுக்கால் யூனிட்டுக்குள். ஒரு ஈடு காய ஐந்து நாள் என்றால் எட்டு, ஒன்பது யூனிட். சித்திரையில் இதைச் செலவழித்தால் அது வீண், நானே சண்டைக்கு வருவேன். வெயிலும் காற்றும் இருக்கிற எட்டு மாசம் பெட்டியைத் துடைத்து மூடி வையுங்கள். மழை மாசத்தில் அந்த எட்டு யூனிட்டுக்குப் பயந்து, மண்ணும் நீரும் உழைப்பும் போட்டு விளைந்ததைக் குப்பைக்குழியில் கொட்டுவதுதான் இயற்கைக்கு விரோதம். மோட்டார் வைத்துத் தண்ணீர் இறைக்கிறோம், மிஷினில் நெல் குத்துகிறோம். அளவு தெரிந்து பயன்படுத்தினால் போதும்.

"அரசாங்கம்தான் சூரிய உலர்த்தி கொடுக்கிறதே" என்பார்கள். தமிழ்நாட்டில் வேளாண் பொறியியல் துறை மானியத்தில் கூடார மாதிரி உலர்த்தி போட்டுத் தருவது நல்ல திட்டம்தான். கொப்பரைக்கும் மிளகாய்க்கும் அதைவிட நல்லது இல்லை. ஆனால் அதற்கு இடம் வேண்டும், சரக்கு வேண்டும், முக்கியமாக வெயில் வேண்டும். இரண்டு கிலோ துளசி வைத்திருக்கிற பெண்ணுக்குக் கார்த்திகை மாசத்தில் அது எந்த உதவியும் செய்யாது. பெரியதைக் கொடுக்கிற கை சின்னதையும் யோசிக்கணும்.

"முன்னோர் பெட்டியா வைத்திருந்தார்கள்?" இல்லை. அவர்களிடம் தடிச்ச மண்சுவர் வீடு இருந்தது, அடுப்புக்கு மேலே பரண் இருந்தது, புகையும் சூடும் மெதுவாக ஏறி ஈரத்தை விரட்டின. குதிர் இருந்தது. நம்மிடம் கான்கிரீட் கூரையும் கேஸ் அடுப்பும் இருக்கிறது. பரணைத் தொலைத்துவிட்டுப் பரண் செய்த வேலையை மட்டும் எதிர்பார்த்தால் எப்படி? பெட்டி என்பது பரணுக்குப் பதில்.

என்ன செய்யலாம்?

இந்தப் பெட்டி ஒரு வீட்டுக்கு ஒன்று என்று போகக் கூடாது. ஐந்தாறு வீட்டுக்கு ஒன்று போதும். மகளிர் குழு எடுத்து நடத்தினால் இன்னும் நல்லது. பறிப்பதும் பரப்புவதும் பதம் பார்ப்பதும் ஏற்கெனவே அவர்கள் கையில்தான் இருக்கிறது, காசு மட்டும்தான் வேறு கைக்குப் போகிறது. யார் இலை எத்தனை எடை, எத்தனை நாள், எடுக்கும்போது மானி எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். "ஈரம் இருக்குது" என்று வியாபாரி சொல்லும்போது நோட்டைக் காட்டலாம், மானியையும் காட்டலாம். எடை கழிக்கிற பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

இயக்கத்தையும் ஒன்று கேட்கிறேன். பயிற்சி முகாம் நடத்தும்போது கரைசல் தயாரிக்க ஒரு வேளை ஒதுக்குகிறோம். காய வைக்கவும் பதம் பார்க்கவும் ஒரு வேளை ஒதுக்குங்கள். திண்ணை முறை, பரண் முறை, கூடார உலர்த்தி, பெட்டி எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே துளசியைக் காய வைத்துக் காட்டுவோம். மோந்து பார்த்து எது நல்லது என்று வந்தவர்களே சொல்லட்டும். என் பெட்டி தோற்றால் எனக்கு வருத்தம் இல்லை. உங்கள் ஊரில் இதைவிடச் சல்லிசான வழி இருந்தால் இந்த இதழுக்கு எழுதுங்கள். அடுத்த ஐப்பசிக்கு இன்னும் நாள் இருக்கிறது. காயலான் கடைப் பக்கம் போகும்போது ஒரு கண் வைத்து வாருங்கள்.